டிரங்குப் பெட்டியில் உறங்கிய அயர்லாந்து

1985-ஆம் ஆண்டு, அயர்லாந்து நாட்டு இயேசு சபையாரின் ஆவணக் காப்பகத்தில் ஒரு பெரிய உலோகப் பெட்டி, அருள்தந்தை எட்வர்ட் ஓ'டொனல் என்பவரின் கண்ணில் தற்செயலாகப் பட்டது. பெட்டிக்கு உரியவரான அருள்தந்தை பிரான்சிஸ் பிரவுன் இறைவனடி சேர்ந்து அப்போது 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. மறைந்துபோன ஒரு குருவானவரின் பெட்டியில் என்ன இருக்கும்? பழைய மறையுரைக் குறிப்புகள், நைந்துபோன கட்டளைச் செபப் புத்தகம், நாலைந்து கடிதங்கள் ஆகியவற்றைத்தான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருந்தவை ஏறத்தாழ 42,000 புகைப்பட நெகட்டிவ்கள். அவற்றுள் பெரும்பாலானவை எங்கே, எப்போது எடுக்கப்பட்டவை என்ற குறிப்போடு ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன.

தந்தை பிரவுனின் பெயரை உலகம் அறிந்திருந்தால், அது டைட்டானிக் கப்பலின் பொருட்டே அறிந்திருக்கும். அக்கப்பலின் முதலும் இறுதியுமான பயணத்தில் ஒரு பகுதியைக் கண்ணாரக் கண்டு படம் பிடித்தவர் அவர். ஆனால் அந்தப் பெட்டியில் டைட்டானிக் படங்கள் மிகச் சிறு பங்கே. எஞ்சியவை சந்தைகள், பள்ளிப் பிள்ளைகள், தொழிலாளர்கள், வயல்கள், இரயில் நிலையங்கள், வீட்டு வாசல்கள், தெருக்கள். எந்த நாளிதழும் அன்று கேட்டிராத படங்கள் அவை. அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் ஒரு குருவானவர் தம் மக்களின் அன்றாட வாழ்வை அமைதியாகச் சேமித்து வைத்த களஞ்சியம் அது. படச்சுருள் கேமராவின்மேல் இளமை முதல் தீராத பற்றுக்கொண்டவன் என்ற முறையில், இவரது வரலாற்றை நம் இதழின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள நெடுநாளாக விரும்பினேன்.

சிற்றப்பாவின் பரிசு

பிரான்சிஸ் பிரவுன் 1880-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள் அயர்லாந்தின் தென்பகுதியில் உள்ள கார்க் நகரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அவர் பிறந்த சில நாள்களிலேயே தாய் பேறுகாலக் காய்ச்சலால் இறந்தார். ஒன்பது வயதில் தந்தையையும் கடல் கொண்டது; நீந்தச் சென்ற இடத்தில் அவர் மூழ்கிப்போனார். தாயும் தந்தையும் இல்லாத அந்தச் சிறுவனைத் தாங்கிக்கொண்டவர் அவனுடைய சிற்றப்பா இராபர்ட் பிரவுன். 1894-இல் குளாய்ன் மறைமாவட்டத்தின் ஆயராகப் பொறுப்பேற்ற அதே இராபர்ட் பிரவுன்தான்.

1897-இல், இயேசு சபையில் சேருமுன் அந்த இளைஞர் ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டபோது சிற்றப்பா அவருக்கு ஒரு கேமராவைப் பரிசளித்தார். குடும்பத்தில் ஒருவர் ஒரு பிள்ளைக்குத் தரும் சிறு பரிசு எவ்வளவு தூரம் போகும் என்பதை யார்தான் முன்கூட்டி அறிவர்? சபையில் சேர்ந்த பின்னும் மேலாளர்கள் அந்தக் கேமராவைப் பிடுங்கி வைக்கவில்லை. டப்ளின் நகரின் பெல்வெடேர் கல்லூரியில் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில் மாணவர்களுக்காக அவர் ஒரு கேமராக் கழகத்தைத் தொடங்கினார். 1909-இல் சிற்றப்பாவோடு உரோமை நகர் சென்றபோது திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் தம்மைப் படமெடுக்க அவருக்கு இசைவளித்தார். வறுமை வார்த்தைப்பாடு கொடுத்த துறவி ஒருவரின் கையில் கேமரா எதற்கு என்று அந்நாளில் எவரேனும் கேட்டிருந்தால், அதற்கு விடை 1985-இல்தான் கிடைத்திருக்கும்.

பம்பரம் சுழற்றிய சிறுவன்

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். பிரவுன் அப்போது டப்ளினில் இறையியல் பயின்றுகொண்டிருந்த குருமாணவர். டைட்டானிக் கப்பலின் கன்னிப் பயணத்தில் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து பிரான்சு நாட்டின் செர்பூர் வழியாக அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் வரை செல்ல, முதல் வகுப்புச் சீட்டு ஒன்றைச் சிற்றப்பா அவருக்கு அனுப்பியிருந்தார். ஏப்ரல் 10-ஆம் நாள் ஏறினார். 11-ஆம் நாள் இறங்கினார். அந்த ஒரு நாள் இடைவெளியில் கப்பலின் மேல்தளங்களிலும் அறைகளிலும் உலவி அவர் எடுத்த படங்களே இன்று அக்கப்பலின் உள்வாழ்வைக் காட்டும் சாட்சிகளில் தலையானவை.

கப்பலில் அவருக்கு அறிமுகமான செல்வந்த அமெரிக்கத் தம்பதியர், நியூயார்க் வரை தங்களோடு வந்தால் செலவைத் தாங்களே ஏற்பதாகக் கூறினர். இசைவு கேட்டு, கம்பியில்லாத் தந்தி வழியாகச் சபையின் மாநிலத் தலைவருக்குச் செய்தி போயிற்று. உடனே கப்பலை விட்டு இறங்குமாறு ஒற்றை வரியில் கட்டளை வந்தது. இறங்கினார். ஏப்ரல் 14 நள்ளிரவை நெருங்கும் வேளையில் கப்பல் பனிப்பாறையில் மோதியது. 15-ஆம் நாள் விடியுமுன் மூழ்கியது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். அந்தத் தந்தித் தாளைப் பிரவுன் தம் வாழ்நாளெல்லாம் பணப்பையில் மடித்து வைத்திருந்தார் என்று சொல்வர்.

இந்தச் செய்தியைக் கீழ்ப்படிதலுக்கு எடுத்துக்காட்டாக மறையுரைகளில் கூறுவது வழக்கம். நான் அதற்குள் புக விரும்பவில்லை. இங்கு நம் சிந்தனைக்குரியது அவர் எவற்றைப் படமெடுத்தார் என்பதே. உலகின் மிகப் பெரிய கப்பல். அதன் ஆடம்பரத்தைப் பற்றி நாளிதழ்கள் பத்தி பத்தியாக எழுதிய காலம். அவரும் அதன் பெருமைகளைப் படமெடுக்கத்தான் செய்தார். ஆயினும் அவருடைய கண் தங்கிய இடங்கள் வேறு. மேல்தளத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் பம்பரம் விட்டு விளையாடுகிறான். அவனுடைய தந்தை அருகே நின்று பார்க்கிறார். உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவர் துடுப்பு வலிக்கும் பொறியில் அமர்ந்திருக்கிறார். தளத்தில் சிலர் காலாற நடக்கின்றனர். கம்பியில்லாத் தந்தி அறையில் பணியாளர் ஒருவர் முதுகு காட்டி அமர்ந்திருக்கிறார். இந்தக் கடைசிப் படத்தில் ஒரே பரப்பின்மேல் இருமுறை ஒளி பட்டுவிட்டது. ஒரு காட்சியின்மேல் இன்னொரு காட்சி ஏறிக் கிடக்கிறது. எந்தப் புகைப்படக் கலைஞரும் தள்ளிவிடக்கூடிய படம்தான். ஆனால் டைட்டானிக்கின் தந்தி அறையைக் காட்டும் படம் உலகில் அது ஒன்றே.

பம்பரம் விட்ட அந்தச் சிறுவன் டக்ளஸ் ஸ்பெடன் கப்பல் விபத்தில் உயிர் தப்பினான். மூன்று ஆண்டுகள் கழித்து, 1915-இல், கார் விபத்து ஒன்றில் ஒன்பது வயதில் இறந்துபோனான். இதை அறிந்த பிறகு அந்தப் படத்தைப் பார்ப்போர் மனம் கனக்கும். ஆனால் படம் எடுத்தவருக்கு இந்த இரண்டு துயரங்களில் எதுவும் தெரியாது. கப்பல் மூழ்கப்போகிறது என்று அவர் படமெடுக்கவில்லை. ஒரு சிறுவன் பம்பரம் விடுவது பார்க்கத் தகுந்த காட்சி என்பதற்காகவே எடுத்தார். பேரிடர் வந்து அந்தப் படத்தைப் புகழ்பெறச் செய்தது. அதற்கு அழகைத் தந்தது பேரிடர் அன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் அந்த 42,000 படங்களின் உட்பொருள் விளங்கும்.

போர்க்களமும் நாட்டுப்புறமும்

1915-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள் பிரவுன் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே அயர்லாந்துக் காவல் படையின் ஆன்மகுருவாக முதல் உலகப் போர்க்களத்திற்கு அனுப்பப்பட்டார். ஐந்து முறை காயமுற்றார். நச்சுப் புகைக்கும் ஆளானார். வீரத்திற்கான இராணுவச் சிலுவை விருதை இருமுறை பெற்றார். அகழிகளின் ஓரத்திலும் அவருடைய கேமரா உடனிருந்தது.

நச்சுப் புகையால் குலைந்த உடல்நலம் தேறுவதற்காக 1924-இல் சபையார் அவரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினர். போகும் வழியில் தென்னாப்பிரிக்கா; திரும்பும் வழியில் இலங்கை, ஏடன், சூயஸ், நேப்பிள்ஸ், லிஸ்பன் என்று நீண்டது அப்பயணம். இறங்கிய இடமெல்லாம் அங்கங்கே மக்கள் வாழும் விதத்தைப் படமெடுத்தார். நம் இனத்தவரும் வாழும் இலங்கை மண்ணில் அவருடைய காலடி பட்டது என்பது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

நாடு திரும்பிய பின், ஊர் ஊராகச் சென்று தியானங்கள் நடத்தும் பணி அவருக்குத் தரப்பட்டது. தியானப் போதனைகள் பெரும்பாலும் மாலையில் நிகழும். பகல் வேளை அவருடையது. அந்தப் பகல்களில்தான் அயர்லாந்தின் நாட்டுப்புறம் முழுவதும் அவருடைய படச்சுருளில் வந்து சேர்ந்தது. 1933-இல் இங்கிலாந்தின் ஹாரோ என்ற இடத்தில் உள்ள கோடாக் தொழிற்கூடத்தைப் பார்க்கச் சென்றார். அதன் பயனாக, வாழ்நாள் முழுவதும் அவருக்குப் படச்சுருள் இலவசமாக வழங்க அந்நிறுவனம் முன்வந்தது. இது பார்வைக்குச் சிறு செய்தி; ஆனால் பெரும் பொருள் உடையது. படச்சுருள் விலையுயர்ந்த பண்டமாக இருந்த காலத்தில் மக்கள் திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் மட்டுமே படமெடுத்தனர். செலவைப் பற்றிய கவலை நீங்கிய ஒருவர் எதைப் படமெடுப்பார்? தாம் உண்மையாகவே விரும்புவதை எடுப்பார். தந்தை பிரவுன் எடுத்தது சாதாரண மனிதரின் சாதாரண நாளை. 1960-ஆம் ஆண்டு சூலை 7-ஆம் நாள் அவர் டப்ளினில் காலமானபோது அந்நாட்டின் பெரும்பாலான பங்குகளுக்கு அவர் போய்வந்திருந்தார்.

வெள்ளி உப்பில் விழுந்த ஒளி

இன்றைய இளைஞர் பலர் படச்சுருளைக் கையில் தொட்டிருக்க மாட்டார்கள். அதன் இயல்பைச் சுருக்கமாகச் சொன்னால்தான் அந்தப் பெட்டியின் அருமை தெரியும்.

மெல்லிய, ஒளி ஊடுருவும் பட்டை ஒன்றின்மேல் ஜெலட்டின் என்னும் பசைப்பொருளைப் பூசியிருப்பார்கள். அந்தப் பசைக்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் பரவியிருக்கும். கேமராவின் கதவு நொடியின் நூற்றில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும். உள்ளே வந்த ஒளி அந்தப் படிகங்களைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் நேரும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. படம் விழுந்துவிட்டது, ஆனால் மறைந்திருக்கிறது. இருட்டறையில் டெவலப்பர் என்னும் கரைசலில் நனைக்கும்போதுதான், ஒளி பட்ட படிகங்கள் கரிய வெள்ளித் துகள்களாக மாறி உருவம் தெளிகிறது. ஒளி படாத படிகங்களை ஹைப்போ என்னும் உப்பின் கரைசல் நீக்கிவிடும். இந்த உப்பு வெள்ளிச் சேர்மங்களைக் கரைக்கும் தன்மையை 1819-இல் கண்டறிந்தவர் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அறிஞர். ஒளி மிகுந்த இடம் கறுப்பாகவும், இருண்ட இடம் வெளுப்பாகவும் தோன்றும் அந்தப் படிவமே நெகட்டிவ். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற இந்த முறைக்கு 1841-இல் வழி வகுத்தவர் வில்லியம் ஹென்றி பாக்ஸ் டால்பட்.

குருமடத்தில் பயின்ற நாள்களில், வயது முதிர்ந்த குருவானவர் ஒருவரிடம் நான் இந்தக் கலையைக் கற்றேன். பயன்படாமல் கிடந்த ஒரு சரக்கறையின் சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியதுதான் எங்கள் இருட்டறை. உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு ஆலை இருந்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். 1960-இல் நிறுவப்பெற்று 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை அது. 'இந்து' என்ற பெயரில் அங்கு உருவான கறுப்பு வெள்ளைப் படச்சுருள்தான் எங்களுக்குக் கைக்கெட்டிய விலையில் கிடைத்தது. இந்து என்றால் நிலவு. சிவப்பு விளக்கின் மங்கிய ஒளியில், கரைசலுக்குள் கிடக்கும் வெள்ளைத் தாளில் ஒரு முகம் மெல்ல எழுந்து வருவதைப் பார்க்கும்போது அந்தப் பெயர் பொருத்தம்தான் என்று தோன்றும். இன்று அந்த ஆலை இயங்கவில்லை. ஆயினும் என் அலமாரியில் ஒரு பழைய கேமராவும், மாதத்திற்கு ஒரு படச்சுருளும் இன்னும் இருக்கின்றன.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஒரு சுருளில் 36 படங்கள்தான். ஆகவே பொத்தானை அழுத்துமுன் பார்க்க வேண்டியிருக்கிறது. வாசலில் கோலமிடும் கையை, மழைக்குப்பின் சைக்கிளைத் துடைக்கும் ஆசிரியரை, வலை பழுதுபார்க்கும் விரல்களை நின்று பார்த்த பிறகே படமெடுக்க இயலும். எடுத்த படம் எப்படி வந்தது என்று அறியச் சில நாள்கள் காத்திருக்க வேண்டும். பார்ப்பதும் காத்திருப்பதும் செபத்தின் இரு கூறுகள் அல்லவா?

புகைப்படக் கலையின் தொடக்க வரலாற்றிலேயே இதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. 1838-இல் லூயி தாகேர் என்பவர் பாரிஸ் நகரின் பரபரப்பான சாலை ஒன்றை மேலிருந்து படமெடுத்தார். அந்நாளில் ஒரு படத்திற்கு நிமிடக் கணக்கில் ஒளி தேவைப்பட்டது. ஆகவே விரைந்து சென்ற வண்டிகளும் குதிரைகளும் மனிதர்களும் தகட்டில் பதியாமலே போயினர். சாலை வெறிச்சோடித் தெரிகிறது. ஓர் ஓரத்தில், தம் காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ளக் காலை ஊன்றி நின்ற ஒரு மனிதர் மட்டும் பதிந்திருக்கிறார்; அருகே மெருகு போட்டவரின் சாயலும் தெரிகிறது. இன்று நாம் அறிந்தவரை, புகைப்படத்தில் விழுந்த முதல் மனித உருவங்கள் இவையே. அரசரோ படைத்தலைவரோ ஆயரோ அல்லர். தெருவோரத்தில் காலணி துடைத்தவரும் துடைக்கக் கொடுத்தவரும்தான் இக்கலையின் தலைவாசலில் நிற்கின்றனர்.

நாசரேத்தூரின் முப்பது ஆண்டுகள்

நம் ஆண்டவர் இவ்வுலகில் வாழ்ந்த ஆண்டுகளில் மிகப் பெரும்பகுதி நாசரேத்தூரில் கழிந்தது. அந்த ஆண்டுகளைப் பற்றி நற்செய்தியாளர்கள் கூறுவது மிகச் சொற்பம். புதுமைகள் இல்லை, கூட்டங்கள் இல்லை, எதிரிகளும் இல்லை. தச்சுப் பட்டறையும் வீடும் தொழுகைக்கூடமும் மட்டுமே. அவை வீணாய்ப்போன ஆண்டுகளா?

அவர் பின்னாளில் கூறிய உவமைகளை எண்ணிப் பாருங்கள். மாவில் புளிப்புமாவைப் பிசையும் பெண், காணாமற்போன காசைத் தேட விளக்கேற்றி வீட்டைப் பெருக்குபவள், பழைய ஆடையில் போடும் ஒட்டு, கடுகு விதை, சந்தைவெளியில் விளையாடும் சிறுவர்கள், கூலிக்காகக் காத்து நிற்கும் ஆள்கள். இவற்றை எவரிடமிருந்து அவர் கற்றார்? தம் தாயின் அடுப்பங்கரையிலும் தம் ஊர்த் தெருவிலும் கண்டிருக்கிறார் என்றே நான் நம்புகிறேன். முப்பது ஆண்டுகள் அவர் பார்த்தார். ஒளி பட்டும் புலப்படாமல் மறைந்திருக்கும் படத்தைப்போல அந்தக் காட்சிகள் அவருடைய உள்ளத்தில் இருந்தன. கலிலேயாவின் கரைகளில் போதித்தபோது அவை ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. விண்ணரசு எதைப் போன்றது என்று சொல்ல அவர் தேடிச் சென்றது பேரரசர்களின் மாளிகையை அன்று; அண்டை வீட்டுப் பெண்ணின் மாவுப் பானையைத்தான்.

மனுவுருவாதல் என்னும் மறையுண்மையை நாம் பெருவிழாக்களில் கொண்டாடுகிறோம். ஆனால் அது கேட்கும் பதில் மிக எளியது. கடவுள் ஒரு சாதாரண நாளுக்குள் வந்து தங்கினார் என்று நம்புகிறவர், எந்தச் சாதாரண நாளையும் அற்பமாகக் கருத முடியாது. தந்தை பிரவுன் இதை ஒரு நூலாக எழுதி வைத்ததாக நான் அறியேன்; 42,000 முறை பொத்தானை அழுத்திச் சொல்லியிருக்கிறார்.

நம் வீட்டுப் பெட்டிகள்

பெட்டியைக் கண்டெடுத்ததோடு கதை முடியவில்லை. அந்த நெகட்டிவ்களில் பெரும்பாலானவை நைட்ரேட் என்னும் பட்டையால் ஆனவை. கோடாக் நிறுவனம் 1951-இல் இவ்வகையின் உற்பத்தியைக் கைவிட்டது. காரணம், இது எளிதில் தீப்பற்றக்கூடியது; தீப்பற்றாவிட்டாலும் தானே சிதையக்கூடியது. முதலில் மஞ்சளாகும், பிறகு பிசுபிசுக்கும், இறுதியில் பழுப்பு நிறத் தூளாகிவிடும். பெட்டி திறக்கப்பட்டபோது அந்தச் சிதைவு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. டேவிட் டேவிசன் என்னும் வல்லுநரும் அவருடைய மகனும் பொறுமையாக உழைத்து, ஒவ்வொன்றையும் பாதுகாப்பான படச்சுருளுக்கு மாற்றினர். இன்னும் சில பத்தாண்டுகள் அந்தப் பெட்டி மூடியே கிடந்திருந்தால், ஒரு நாட்டின் முகம் கைப்பிடித் தூளாகியிருக்கும்.

இனி நம் பக்கம் திரும்புவோம். நம் பங்குகளின் வெள்ளிவிழா, பொன்விழா மலர்களைப் புரட்டிப் பாருங்கள். மாலை அணிவித்தல், நாடா வெட்டுதல், அடிக்கல் நாட்டுதல், ஆயர் வருகை, தேர்ப்பவனி. எல்லாம் வேண்டியவையே. ஆனால் ஐம்பது ஆண்டுகள் நாள்தோறும் மூன்று வேளை மணியடித்த கோயில்பிள்ளையின் படம் எத்தனை மலர்களில் இருக்கிறது? பீடத்துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்ட மூதாட்டியின் முகம் எங்கே? குருவானவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லிக் கொடுத்த உபதேசியாரின் குடிசை வீடு எங்கே? திருச்சபையைத் தாங்கி நின்றவர்கள் இவர்களே என்று மேடையில் பேசுகிறோம். படம் எடுக்கும்போது மட்டும் அவர்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்கிறோம். ஒரு சமூகம் எதை நினைவில் வைக்கத் தகுந்ததாகக் கருதுகிறது என்பதற்கு அதன் ஆல்பமே சாட்சி.

அன்று படச்சுருள் விலையுயர்ந்தது. எண்ணி எண்ணி எடுத்தோம் என்று சமாதானம் சொல்லலாம். அது நியாயமும்கூட. ஆனால் இன்று கைப்பேசியில் செலவின்றி ஆயிரம் படங்கள் எடுக்கிறோம். அவற்றுள் வீட்டுப் பாட்டி அரிசி புடைக்கும் படம் ஒன்றாவது இருக்கிறதா? இருந்தாலும், கைப்பேசி பழுதாகும் நாளில் அது எங்கே போகும்? தந்தை பிரவுனின் படங்கள் பிழைத்ததற்குக் காரணங்கள் மூன்று. அவர் சாதாரணமானதை எடுத்தார். கையில் பிடிக்கத்தக்க நெகட்டிவாக அதை விட்டுச் சென்றார். இடத்தையும் நாளையும் எழுதி வைத்தார். இம்மூன்றில் கடைசியானது மிகவும் எளியது. ஆனால் நாம் மிகுதியும் தவறவிடுவது அதைத்தான்.

அடக்கச் சடங்கிற்காகப் பல வீடுகளுக்குப் போகிறவன் நான். வயதானவர் மறைந்த பின், பிள்ளைகள் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஸ்டூடியோவில் எடுத்த திருமணப் படம், புதுநன்மை வாங்கிய அன்று கையில் மெழுகுதிரியோடு நிற்கும் சிறுமி, இரங்கூனிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்த யாரோ ஓர் உறவினர். "இது யார்?" என்று பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கின்றனர். விடை சொல்லக்கூடிய ஒரே ஆள் அப்போதுதான் கல்லறைக்குப் போயிருக்கிறார். முகம் இருக்கிறது, பெயர் போய்விட்டது. திருச்சபை தன் புனிதர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிச் செபிக்கும் மரபுடையது. ஆதலால் பெயர் இழப்பது சிறு இழப்பு என்று நம்மால் எண்ண இயலாது.

ஆகவே சில எளிய செயல்களைப் பரிந்துரைக்கிறேன். உங்கள் வீட்டில் பழைய புகைப்படங்கள் இருந்தால், இந்த மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, பாட்டியையோ பெரியப்பாவையோ அமர வைத்து ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். படத்தின் பின்புறம், மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். நெகட்டிவ்கள் இருந்தால் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் காகித உறையில் இடுங்கள். ஈரச் சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். காடி வாடை வீசினால் அவை சிதையத் தொடங்கிவிட்டன என்று பொருள். தாமதமின்றிப் பிரதி எடுத்துவிடுங்கள். பங்கின் பழைய ஆல்பங்களுக்கும் இதையே செய்ய இளையோர் குழுவினர் முன்வரலாம். கேமராவோ கைப்பேசியோ வைத்திருக்கும் பிள்ளைகள், அடுத்த திருவிழாவில் தேரை எடுத்த பிறகு, அதை இழுத்த கைகளையும், அன்னதானக் கொட்டகையில் பாத்திரம் கழுவியவர்களையும் எடுக்கட்டும். அவர்களுடைய பெயர்களையும் கேட்டு எழுதட்டும்.

தந்தை பிரவுன் ஒரு சிறுவனின் பம்பரத்தைப் படமெடுத்தபோது அந்தக் கப்பலுக்கு இன்னும் நான்கு நாள்களே இருந்தன என்பது அவருக்குத் தெரியாது. நம் வீடுகளில் நாம் காணும் முகங்களுக்கும் எத்தனை நாள்கள் இருக்கின்றன என்பது நமக்குத் தெரியாது. அவர் நின்று பார்த்தார், எடுத்தார், குறித்து வைத்தார். நமக்கும் அதற்குமேல் எதுவும் தேவையில்லை. மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவோம்.